தோற்பது யாரென்று எனக்குத் தெரியும்

பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் இறந்துபோனாலோ பதவியை விட்டாலோ எங்கள் நாட்டில் அதற்காகத் தேர்தல் வைப்பதில்லை. அதே கட்சிப் பட்டியலில் அடுத்தபடியாக விருப்பு வாக்கு எடுத்தவர் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வார். அதனால் இடைத்தேர்தல் என்ற ஒன்றை நான் இங்கே பார்த்ததே இல்லை. நான் பார்த்த ஒரே இடைத்தேர்தல் இங்கிலாந்தில் நடந்தது. அதையும் ஹட்டனில் ஒரு துணிக்கடை வாசலில், தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தபடிதான் பார்த்தேன். அதில் எங்கள் வீட்டுக் கூரை போகப் பார்த்தது.

சாதாரண தரப் பரீட்சை எழுதியதோடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு தையல் பழகி, இருபத்திரண்டு வருடமாக ஒரே கடை வாசலில் தைக்கிறேன். கடை முதலாளி முஸ்லிம். பஜாரில் எல்லோரும் அவரை, அண்ணன் என்ற அர்த்தத்தில், நானா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அவர் உள்ளே துணி வெட்டிக் கொடுப்பார். நான் வாசலில் தைத்துக் கொடுப்பேன். ஆட்களோடு பேச எனக்கு வராது. அளவெடுக்கும்போதுகூட முகத்தைப் பார்க்க மாட்டேன், தோளைத்தான் பார்ப்பேன். தெருவில் யாராவது என்னை நலம் விசாரித்தால் அவர் யாரென்று தோளை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கம் வந்ததே இல்லை. தேர்தலில் தோற்கப்போவது யாரென்று எனக்குத் தெரியும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தேர்தல் வந்தால் கொடி தைக்கும் வேலை வரும். எங்கள் பக்கத்தில் பெரிய கட்சிகள் இரண்டு. இரண்டுக்கும் நான்தான் தைப்பேன். கூட்டத்தைப் பார்த்து இங்கே யாரும் எதையும் சொல்ல முடியாது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இரண்டு கட்சிக் கூட்டத்துக்கும் போவார்கள். அங்கே ஒரு சோற்றுப் பார்சல், இங்கே ஒரு சோற்றுப் பார்சல், இரண்டு தொப்பி. கொடி எத்தனை என்பதும் ஒன்றும் சொல்லாது. கொடி எடுக்க வருகிற ஆள் என்ன கேட்கிறார் என்பதில்தான் விஷயம்.

"அக்கா, அந்தப் பக்கம் எத்தனை குடுத்திருக்காங்க?"

"தெரியாதுங்க."

"சும்மா சொல்லுங்கக்கா. ஐந்நூறு இருக்குமா?"

"நூல் அறுந்துருச்சு, இருங்க" என்று குனிந்துகொள்வேன்.

அப்படிக் கேட்கிற கட்சி தோற்கும். ஒரு தடவை கேட்டால் கொஞ்சத்தில் தோற்கும். ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்டால் கட்டுப்பணம்கூடத் திரும்பாது. மற்றக் கட்சி ஆள் வருவார், கொடியை எண்ணுவார், விளிம்பு சரியாக மடித்திருக்கிறதா என்று பார்ப்பார், போய்விடுவார். முதல் தடவை இதை நானாவிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் சலூனில் சொல்லிவிட்டார். நான் சொன்னபடியே நடந்தது. அடுத்த தேர்தலிலும் நடந்தது. அதற்குப் பிறகு வாக்களிப்புக்கு முதல் நாள் ஆட்கள் பொத்தான் வாங்குகிற சாக்கில் வந்து, "அக்கா, மெஷின் என்னா சொல்லுது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். நான் மிதிபலகையைப் பார்த்துச் சிரிப்பேன். நானாதான் பதில் சொல்வார்.

நாங்கள் மூன்று பேர் பிறந்தோம். நான் மூத்தவள், கல்யாணம் முடிக்கவில்லை. அடுத்தது தம்பி, ஹட்டன் ஸ்டேஷன் பக்கத்தில் த்ரீவீலர் ஓட்டுகிறான். நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் எங்கள் அப்பா அம்மா இருந்த தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், அவனுடைய மனைவி பிள்ளைகளோடு நானும் இருக்கிறேன். கடைசித் தங்கச்சி இங்கிலாந்தில் ஒரு சின்ன டவுனில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை செய்கிறாள். போய் இரண்டு வருடம் ஆகிறது.

அவள் இருக்கிற தொகுதியில்தான் அந்த இடைத்தேர்தல் வந்தது. பொதுநலவாய நாட்டிலிருந்து போனவள் என்பதால் அவளுக்கும் வாக்கு உண்டாம். இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை கிடைக்காததால் எங்கள் தாத்தா கடைசிவரை ஒரு தேர்தலிலும் வாக்குப் போட்டதில்லை. அந்த வீட்டுப் பேத்திக்கு இரண்டு வருடத்தில் வெள்ளைக்காரன் ஊரில் வாக்கு. அவள் அந்த வாக்காளர் அட்டையைப் படம் பிடித்து அனுப்பினாள். நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் தம்பி ஒரு நாள் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனைக் காட்டினான்.

"அக்கா, தங்கச்சி ஊரு எலக்‌ஷன் இதுல இருக்கு பாரு."

"என்னாது இது? கிரிக்கெட்டுக்குப் பந்தயம் கட்டுவியே, அதுவா?"

"பந்தயம் இல்லக்கா, மார்க்கட். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விலை இருக்கு. நீலக் கட்சிக்காரரு அறுபத்தாறு சதம். சிவப்பு முப்பது. நீ முப்பதுக்கு ஒண்ணு வாங்குறன்னு வையி. சிவப்பு ஜெயிச்சா நூறு சதம் தருவான். தோத்தா ஒண்ணும் இல்ல. நடுவுல வேணாம்னா அன்னைக்கு விலைக்கு வித்துரலாம்."

உள்ளேயிருந்து நானா எட்டிப் பார்த்தார். "தம்பி, இது சூது. நமக்கு ஹராம். என் கடை வாசல்ல வச்சுப் பாக்காதீங்க."

"சரி நானா."

"மத்த ஆள் என்ன விலை?" என்று அவரே கேட்டார்.

"மஞ்சள் நாலு சதம். மிச்சம் ஒன்பது பேருக்கு விலையே இல்ல."

"பாவம்" என்று சொல்லிவிட்டு நானா உள்ளே போனார்.

அந்தக் கட்சிகளின் பெயர் என் வாயில் நுழையவில்லை. துணி நிறத்தை வைத்தே மனதில் பிடித்துக்கொண்டேன். அன்று மாலை தங்கச்சி பேசினாள். நான் தேர்தலைப் பற்றிக் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

"ரோதனையா இருக்குக்கா. நீலக்காரங்க மூணு தடவ வந்துட்டாங்க. வந்தாலே, சிவப்புக்காரங்க வந்தாங்களா, எத்தன பேரு வந்தாங்க, எத்தன நோட்டீஸ் குடுத்தாங்கன்னு கேக்குறாங்க. எனக்கு எப்புடித் தெரியும்? நான் கெழவிக்குச் சோறு ஊட்டுவேனா, இதை எண்ணுவேனா? இன்னொரு பொம்பள, மஞ்சக் கட்சியாம், வந்து ஒக்காந்து பஸ் நிக்கிற எடத்தப் பத்தியே அரை மணி நேரம் பேசிட்டுப் போவுது."

எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. போனை வைத்ததும் தம்பியிடம் சொன்னேன்: "நீலம் தோக்கும்."

"நிச்சயமா?"

"மூணு தடவ கேட்டிருக்கான். நிச்சயம்."

அவ்வளவுதான் நான் சொன்னது.

எங்கள் கூரையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தகரம் முழுவதும் துரு. மழை வந்தால் ஏழு இடத்தில் பாத்திரம் வைப்போம். எட்டாவது இடம் என் கட்டிலுக்கு மேலே. அங்கே பாத்திரம் வைக்க இடமில்லாததால் கட்டிலைத் தள்ளிப் போட்டு, கால் பக்கம் நனைந்தாலும் பரவாயில்லை என்று படுப்பேன். மூன்று பேரும் சேர்ந்து இருபத்து நான்கு தகரம் வாங்கும் பணத்தைச் சேர்த்துவிட்டோம். தங்கச்சி அனுப்பினாள், நான் பள்ளிச் சீருடை தைத்ததில் கொடுத்தேன், தம்பியும் போட்டான். பணம் தம்பியிடம் இருந்தது.

தேர்தல் வியாழக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை காலை அவனுடைய த்ரீவீலரில் ஹட்டனுக்கு வந்துகொண்டிருந்தோம். மேகம் இறங்கி மலை தெரியவில்லை.

"மழ புடிக்கப் போவுது. தகரம் எப்ப ஏத்திட்டு வர்ற?" என்று கேட்டேன்.

அவன் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கா."

"வெள்ளிக்கிழமை என்னா?"

அவன் மூன்றாம் தடவையும் துடைத்தான். எனக்கு விளங்கிவிட்டது. "எவ்வளவு போட்ட?"

"எல்லாம்."

"எதுல?"

"சிவப்புல. நீதானே சொன்ன?"

"நீலம் தோக்கும்னுதானே சொன்னேன்? சிவப்பு ஜெயிக்கும்னு எப்ப சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

"எத்தன பேரு நிக்கிறாங்க?"

"பன்னெண்டு பேரு."

"அப்புறம் எப்புடிடா ஒண்ணாகும்?"

அவன் வண்டியை ஓரம் கட்டினான். இரண்டு பேரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோபம் இருந்தது. ஆனால் நீலம் தோற்கும் என்பதில் எனக்கு அப்போதும் ஒரு நூல் அளவு சந்தேகம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது தோல்வி மட்டும்தான். இங்கே கட்சி இரண்டுதான் என்பதால் தோற்பவரைச் சொன்னால் ஜெயிப்பவரையும் சொன்ன மாதிரி ஆகிவிடும். அங்கே அப்படி இல்லை.

"நீலம் ஜெயிக்காதுன்னு வாங்க முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியும். நீலத்துக்குப் பக்கத்துல 'இல்லை'ன்னு இருக்கு. முப்பது சதம்."

"சிவப்பு இப்ப என்ன?"

"முப்பதுக்கு வாங்குனேன். இருபத்தாறுக்கு எறங்கிருச்சு."

"வித்துட்டு அதை வாங்கு."

அவன் தலையைச் சொறிந்தான். "இப்ப வித்தா நட்டம்க்கா. தபால் வாக்கு வரட்டும். அதைப் பாத்துட்டு மாத்துவோம்."

இந்த நாட்டில் பிறந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆசிரியர்களும் பொலிஸ்காரர்களும் அரசாங்கக் கந்தோர் ஆட்களும் பல நாள் முந்தியே தபாலில் வாக்களித்துவிடுவார்கள். முடிவு சொல்லும்போது அதைத்தான் முதலில் தனியாகச் சொல்வார்கள். மாவட்டத்துத் தபால் வாக்கு முடிவைக் கேட்டதும் எங்கள் லயத்தில் பாதி வீட்டில் டீவியை நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவார்கள். மிச்சம் எப்படிப் போகும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

நானும் சரி என்றேன். சிவப்பை வாங்கியது தம்பியின் பிழை. இதில் பிழை என்னுடையது.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே கடைக்கு வந்துவிட்டோம். ஒன்பது மணிக்கு முன் திறக்காத நானா அன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, துணிச்சுருள்களை இங்கிருந்து அங்கே மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கொழும்புல இருந்து சரக்கு வரும்னு சொன்னாங்க" என்றார். ஒரு சரக்கும் வரவில்லை.

தங்கச்சிக்கு இரவு வேலை. அங்கே இன்னும் விடியவில்லை. இல்லத்தின் கூடத்தில் டீவியைப் போட்டு வைத்துக்கொண்டு எங்களோடு பேசினாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷின் மேல் வைத்தோம். அந்த நேரம் பார்த்து, பாடசாலைக்குப் போகிற வழியில் ஒரு டீச்சர் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தார். நான் குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டு தோளை அளந்துகொண்டிருந்தேன்.

தம்பி கேட்டான்: "தபால் வாக்கு சொல்லிட்டாங்களா?"

"தபால் வாக்கா?" என்றாள் தங்கச்சி. "அதை இங்க தனியாச் சொல்ல மாட்டாங்களாம். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு எண்ணுவாங்க. மேடையில நின்னு ஒரே ஒரு தடவ வாசிப்பாங்க. அதோட முடிஞ்சிருச்சு."

"தபால் வாக்கைச் சொல்ல மாட்டாங்களா?" டீச்சருக்கே கோபம் வந்தது. "அப்ப நாங்க எதுக்கு முந்தியே போடுறது?"

"இதை முதல்லயே சொல்றதுக்கு ஒனக்கு என்னா?" என்று தம்பி கத்தினான்.

"நீ கேட்டியா? இங்க ஒருத்தன் கோழி வேஷம் போட்டுக்கிட்டு மேடையில நிக்கிறான். அவனும் வேட்பாளராம்."

"அவனுக்கு என்ன விலை?" என்றார் நானா.

யாரும் சிரிக்கவில்லை. தம்பி போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு இருபத்திரண்டு. பத்தொன்பது. பதினைந்து. நீலமும் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு சதமாக இருந்த மஞ்சள் ஐம்பதைத் தாண்டிவிட்டது.

"மஞ்சக்காரங்க மேடைக்குக் கீழ கட்டிப்புடிச்சு அழுவுறாங்க" என்றாள் தங்கச்சி. "நீலக்காரரு மொகத்துல ஈ ஆடல."

"சிவப்பு பன்னெண்டு" என்றான் தம்பி. "ஏறும்க்கா. திரும்ப ஏறும்."

அவன் தோளைப் பார்த்தேன். இரண்டு தோளும் காதுவரை ஏறியிருந்தன. அவனே நம்பவில்லை.

"வித்துரு" என்றேன். வாயில் குண்டூசி இருந்ததால் சொல் சரியாக வரவில்லை.

"இருக்கா..."

குண்டூசிகளை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தேன். பிறகு என்னிடம் இருக்கிறதென்று எனக்கே தெரியாத ஒரு குரல் வந்தது. "வித்துருடா! வித்துட்டு நீலத்துக்கு 'இல்லை' போடு! இப்பவே போடு!"

எதிர்க்கடையில் மரக்கறி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் குண்டூசிகளை ஏந்தியபடி அசையாமல் நின்றார். தம்பி அமுக்கினான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"டேட்டா முடிஞ்சிருச்சு" என்றான். அழுகிற மாதிரி இருந்தான்.

நானா தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். "என்னோடதுல போடு. யா அல்லாஹ், இது கூரைக்காக. போடு, போடு!"

பன்னிரண்டு சதத்துக்குச் சிவப்பு விற்றுப்போனது. நீலம் ஜெயிக்காது என்பதற்கு இப்போது எண்பத்தைந்து சதம். வந்ததையெல்லாம் அதில் போட்டான். அவன் கையை எடுத்ததும் தங்கச்சி, "வாசிக்கிறாங்க, வாசிக்கிறாங்க" என்றாள். டீவிச் சத்தம் எங்களுக்கும் கேட்டது. ஒரு மனுஷர் ஆங்கிலத்தில் பெயர்களையும் எண்களையும் வாசித்தார். கோழிக்கும் கைதட்டினார்கள். மஞ்சள் வேட்பாளரின் பெயருக்குப் பிறகு எழுந்த கூச்சலில் எண் எங்களுக்குக் கேட்கவே இல்லை.

மஞ்சள் ஜெயித்தது. நீலம் தோற்றது. சிவப்பு அதற்கும் கீழே.

தம்பி கல்லாப்பெட்டியில் இருந்த கணக்கு மெஷினை வாங்கித் தட்டினான். பணமாகச் சொல்லாமல் தகரமாகவே சொன்னான்: "பதினொண்ணு." இருபத்து நான்கில் பதினொன்று மிஞ்சியது. பிறகு நான் கேட்காமலே இன்னொன்றையும் தட்டிப் பார்த்தான். செவ்வாய்க்கிழமையே மாற்றியிருந்தால் அறுபத்தொன்பது. எங்கள் கூரையை ஏறக்குறைய மூன்று தடவை போட்டிருக்கலாம்.

"அதைத் தட்டாத" என்றேன்.

போனில் தங்கச்சி இன்னும் இருந்தாள். அவளுக்குக் கூரைப் பணம் போன கதை அப்போதுதான் தெரிந்தது. தம்பியை நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, "மஞ்சள்னு என்கிட்ட கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே. நானே அதுக்குத்தானே போட்டேன்" என்றாள்.

தம்பி கணக்கு மெஷினைக் கீழே வைத்தான்.

"நீ மஞ்சளுக்கா போட்ட?" என்றேன்.

"ஆமா. அந்தப் பொம்பள பஸ் நிக்கிற எடத்த இல்லத்து வாசலுக்குக் கொண்டாறேன்னு சொல்லுச்சு. பனியில முக்கால் மைல் நடக்குறது நாந்தானே? என்கூட வேல செய்யிற பிள்ளைங்க எல்லாம் அதுக்குத்தான் போட்டுச்சுங்க."

"அதை ஏன்டி சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலையே?"

கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டோம். தோட்டத்தில் யாருக்குப் போட்டாய் என்று கேட்பது தொழிற்சங்கத்துத் தலைவர், கங்காணி, கொடியோடு வருகிற ஆள். அவர்கள் எல்லோருக்கும் "ஒங்களுக்குத்தாங்க" என்று சொல்லப் பழகியவர்கள் நாங்கள். அதனாலேயே வீட்டுக்குள் யாரும் யாரிடமும் அதைக் கேட்பதில்லை. எங்கள் அப்பா யாருக்குப் போட்டார் என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. கேட்பது மரியாதையும் இல்லை. அந்த மார்க்கட்டில் ஆயிரக்கணக்கான பேர் விலையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாருக்கும் இல்லாத ஒரு தங்கச்சி அந்த டவுனிலேயே எனக்கு இருந்தாள். அவள் வாக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் அவளிடம் விசாரித்திருக்கிறேன். குளிர், சாப்பாடு, முழங்கால் வலி, எல்லாம்.

டீச்சர் என் கையில் குண்டூசிகளைத் திருப்பிக் கொடுத்தார். "நான் யாருக்குப் போடுறேன்னு என்கிட்டயும் கேட்டுறாதீங்க" என்றார். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தோம்.

பதினொரு தகரத்தையும் பிள்ளைகள் படுக்கிற முன்பக்கத்துக்குப் போட்டோம். தம்பி ஏறி ஆணி அடித்தான். பின்பக்கம், என் கட்டில் இருக்கிற பக்கம், பழைய தகரமே. அதற்கு நானா ஒரு வழி சொன்னார். கடைப் பின்னறையில் போன தேர்தலின் பெரிய ஃப்ளெக்ஸ் பதாகைகள் இரண்டு சுருட்டிக் கிடந்தன. ஜெயித்தவர்களின் பதாகைகளை ஆட்கள் உடனே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இவை இரண்டும் தோற்றவருடையவை, தேடி யாரும் வரவில்லை. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி இரட்டைத் தையல் போட்டேன். ஊசி போன ஓட்டையெல்லாம் அடைபடும்படி மெழுகுதிரியைத் தேய்த்தேன். கயிறு கோர்க்க விளிம்பு மடித்தேன். தம்பி அதைப் பழைய தகரத்துக்கு அடியில், கை மரத்தோடு இழுத்துக் கட்டினான். படம் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி கட்டிவிட்டான்.

"திருப்பிப் போடுடா. படுத்தா மூஞ்சியில முழிக்கிறாரு."

"இருக்கட்டும்க்கா. ஜெயிச்சிருந்தா நம்ம வீட்டுப் பக்கம் வந்திருப்பாரா?"

ஜனவரியில் சீருடை வேலை நிறைய வரும். மிச்சம் பதின்மூன்று தகரத்தையும் அதில் எடுத்துவிடுவேன். தம்பியின் போனில் அந்த மார்க்கட் இப்போது இல்லை. அவனே அழித்தான். நானாதான் நடுவில் ஒரு நாள், வேறு எந்த நாட்டிலாவது இடைத்தேர்தல் வருகிறதா என்று பொதுவாக விசாரித்தார்.

பதாகை கட்டிய மூன்றாம் நாள் பெருமழை வந்தது. கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டு, கால் நீட்டிப் படுத்து மேலே பார்த்தேன். வேட்பாளர் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு சிரித்தார். அவருடைய ஆட்கள் கொடி எடுக்க வந்த நான்கு தடவையும், அந்தப் பக்கம் எத்தனை என்று என்னிடம் கேட்டார்கள். விடியும்வரை மழை அடித்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை.